சம்பந்தி முறுக்கு

மகன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது பேராசிரியை சந்தோஷப்படத் தயாராகத்தான் இருந்தாள். லிப்ட் கம்பெனியில் இன்ஜினியர். வயது ஏறிக்கொண்டே போக, யார் கேட்டாலும் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்த பிள்ளை. அவனே வாயைத் திறந்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறான். பிசியோதெரபிஸ்டாம். லேசில் கோபம் வராதாம். அம்மா வக்கீல், அப்பா ஆராய்ச்சிக்காரர்.

"என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டாள்.

மகன் தட்டில் இருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான். உடைத்ததை மறுபடி உடைத்தான். "உன்னோடதுதாம்மா," என்றான்.

அவளுடைய ஆராய்ச்சியைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்த வேனில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் அவள் உட்காருவாள், ஒருவரைத் தவிர.

"இடதுசாரி பொண்ணா?"

"அவரை அப்படிச் சொல்லாதம்மா. எனக்கு மாமனார் ஆகப்போறவரு."

இடதுசாரி என்ற பெயருக்கும் அரசியலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பேராசிரியையின் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் கொதிக்கப்போகும் சூட்டில், மற்ற உயிரெல்லாம் வெந்து அடங்கிவிடும் இடத்தில், சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர் ஒன்றைத்தான் அவள் வளர்த்துவந்தாள். அதை யாராவது பாக்டீரியா என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. பார்வைக்கு அப்படித் தெரிந்தாலும் அது ஆர்க்கியா என்ற வேறு குலம் என்பதை நின்று விளக்கிவிட்டுத்தான் நகர்வாள். அதன் உள்ளே பெரிய டி.என்.ஏ. போக, பிளாஸ்மிட் என்று சின்னதாக ஒரு டி.என்.ஏ. வளையமும் உண்டு. பழைய டெலிபோன் ஒயர் தன்மேல் தானே சுருண்டுகொள்ளும் இல்லையா, அதுபோல இந்த வளையமும் சுருண்டுகொள்ளும். இழைகள் இரண்டும் வழக்கத்தைவிட இறுகப் பின்னியதால் சுருண்டால் நேர்முறுக்கு. தளரப் பின்னியதால் சுருண்டால் எதிர்முறுக்கு. சாதாரணச் சூட்டில் வாழும் பாக்டீரியாக்களிடம் இருக்கும் வளையங்கள் எல்லாம் எதிர்முறுக்கு. கொதிநீரில் வாழும் இந்த ஒன்று மட்டும், சூட்டில் இழை பிரிந்துவிடாதபடி நேர்முறுக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பேராசிரியை கண்டுபிடித்தாள். வேலை, பதவி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் அந்த ஒரு கட்டுரை வாங்கிக்கொடுத்தவை.

வேறொரு ஊரில் ஒருவர் அதே உயிரை வளர்த்து, அதே வளையத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்துவிட்டு, எதிர்முறுக்குதான் என்று எழுதினார்.

முறுக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தட்டையான ஜெல் பலகையில் வளையங்களை விட்டு, மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவார்கள். பிறகு ஜெல்லை மலேரியா மருந்து ஒன்றில் ஊறவைத்து, பக்கவாட்டில் இன்னொரு தடவை ஓடவிடுவார்கள். மருந்து இழைகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுவதால், முதல் ஓட்டத்தில் ஒன்றுபோல ஓடியவை இரண்டாவது ஓட்டத்தில் பிரிந்து, யார் எந்தக் கட்சி என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் புள்ளிகள் வில் போல வளைந்து நிற்கும். வலப்பக்கச் சரிவில் நின்றால் நேர்முறுக்கு, இடப்பக்கச் சரிவில் நின்றால் எதிர்முறுக்கு. உச்சியில் நின்றால் முறுக்கே இல்லை, வளையம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

அவளுடைய புள்ளிகள் எப்போதும் வலப்பக்கம் நின்றன. அவருடையவை எப்போதும் இடப்பக்கம். அவளுடைய மாணவர்கள்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவருடைய மாணவர்கள் அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சண்டை வருடக்கணக்கில் நடந்தது. அவள் ஒரு கட்டுரை எழுதினால் அவர் மறுப்பு எழுதுவார். அவர் மறுத்தால் அவள் மறுப்புக்கு மறுப்பு எழுதுவாள். கட்டுரையை மதிப்பிடுகிறவர் யார் என்று பத்திரிகைக்காரர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் 'ஆசிரியை இவ்விடத்தில் சற்றே அவசரப்பட்டுவிட்டாரோ என்று அஞ்சுகிறேன்' என்று எழுதக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் அஞ்சிய ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஆறு மாசம் வீணானது. பழிக்குப் பழியாக அவருடைய கட்டுரை தன்னிடம் வரும்போது, அடிக்குறிப்பு வரை அலசி, காற்புள்ளி விட்டுப்போனதைக்கூட அவள் சுட்டிக்காட்டுவாள்.

பிள்ளைகள் சந்தித்த கதையும் இந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது. ஒரு கருத்தரங்கில் கூட்டம் முடிந்து, விளக்கை அணைக்க ஆள் வந்தபிறகும் இரண்டு பேரும் மேடைக்குக் கீழே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போக வந்த மகனும், கழுத்துவலிக்காரரான அப்பாவைக் கூட்டிப்போக வந்த மகளும் வெளியே காபி மெஷின் பக்கத்தில் காத்திருந்தார்கள். உள்ளே சத்தம் ஏறும்போதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துக்கொண்டார்கள். சண்டை கொஞ்சம் சீக்கிரம் முடிந்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவன் கேட்டிருக்கமாட்டான்.

இதையெல்லாம் கேட்ட பிறகு பேராசிரியை புருஷனிடம் நியாயம் கேட்டாள். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடு காலம் தள்ளிப் பழகியதால், வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை.

"சண்டை போட்டது நீங்க ரெண்டு பேரு. கட்டிக்கப்போறது அவங்க ரெண்டு பேரு. இதுல நான் எதுல சேர்த்தி?" என்று கேட்டுவிட்டு செய்தித்தாளைத் திருப்பினார்.

பெண் வீட்டார் ஒரு விடுமுறை நாளில் வந்தார்கள். வாசலுக்குள் வருவதற்கு முன்பே பெண்ணின் அம்மா, வக்கீலம்மா, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் முடிகிறவரை இந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, முறுக்கு என்ற சொல்லை யாரும் எடுக்கக்கூடாது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும்போதும் அந்தம்மாள் அப்படித்தான் சிரிப்பாராம்.

இடதுசாரியைப் பேராசிரியை அவ்வளவு பக்கத்தில், சண்டை இல்லாமல், அதற்குமுன் பார்த்ததில்லை. சண்டையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கழுத்தை மட்டும் திருப்ப முடியாததால், யாராவது பேசினால் உடம்போடு திரும்பிக் கேட்டார். அது ஏதோ பெரிய மரியாதை மாதிரி இருந்தது. நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டுமே என்று இரண்டு பேரும் பருவநிலையைப் பற்றிப் பேசினார்கள். லிப்டுகளைப் பற்றிப் பேசினார்கள். பல்லைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசி முடித்தபோது பேச வேறொன்றும் மிச்சமில்லை.

அந்த வெறுமையில்தான் அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுப் பார்த்தா சம்பந்தியம்மா, நீங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது," என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பேராசிரியையும், "ஐயோ, அதெல்லாம் இல்ல சம்பந்தி. நீங்க சொன்னதும் அப்படி ஒண்ணும் தப்பில்லையே," என்று உபசாரமாகச் சொல்லிவைத்தாள்.

அவர்கள் போனபிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் இத்தனை வருடம் மாரடித்தாள். அது இப்படி, காபிக்கு நன்றி சொல்வதுபோல, மகள் நல்லபடியாக வாழ வேண்டுமே என்பதற்காக அவர் போட்ட பிச்சையாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அவருக்கும் அங்கே அதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஊர் போய்ச் சேரும்வரை, "அந்தம்மா எப்படி விட்டுக்கொடுக்கலாம்?" என்று வழியெல்லாம் புலம்பினாராம்.

அவள்தான் போன் செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம் வாருங்கள், உயிரை வளர்க்கும் என் தொட்டியில் ஆளுக்கு ஒரு பாட்டில் வைப்போம், உங்களுடையதை நீங்கள் உங்கள் முறைப்படி எடுங்கள், என்னுடையதை நான் எடுக்கிறேன், ஒரே ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள். வக்கீலம்மா ஆட்சேபித்தார். பிள்ளைகள்தான் போகட்டும் விடுங்கள் என்றார்கள். சண்டை போடுவதைவிட இந்த மரியாதைதான் அவர்களைப் பயமுறுத்தியது.

பேராசிரியையின் ஆய்வகம் தாழ்வாரத்தின் கடைசியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த உயிர் நாம் காற்றை நம்பியிருப்பதுபோல கந்தகத்தை நம்பியிருப்பது. அதனால் அறை முழுக்க அழுகின முட்டை நாற்றம். மற்ற துறைக்காரர்கள் அந்தப் பக்கம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். சம்பந்தி கதவைத் திறந்ததும் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். "அப்பாடா," என்றார். அவருக்கு அது வீட்டு வாசனை. புருஷன்கூட அந்த வாசனையை இத்தனை வருடத்தில் ஒருநாளும் மதித்ததில்லை என்று பேராசிரியைக்குத் தோன்றியது. அவருடைய கழுத்துக்காகச் சாய்வு நன்றாக இருந்த ஒரே நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

முதல் நாள் வெள்ளோட்டம். தொட்டியில் எண்ணெய் சூடாகச் சுழன்றுகொண்டிருக்க, அதில் மூழ்கிய தடித்த கண்ணாடி பாட்டில்களுக்குள் உயிர் வளர்ந்திருந்தது. நேரம் வந்ததும் அவள் தன் பாட்டிலை இடுக்கியால் தூக்கி, அப்படியே ஐஸ் வாளியில் அமுக்கினாள். அவர் தன்னுடையதைத் தூக்கி, மடித்த துணிமேல் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு, "காபி குடிச்சிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

"பாட்டில்?"

"அது பாட்டுக்கு ஆறட்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு வராம மூடியைத் தொடக்கூடாதுன்னு எங்க லேப்ல சட்டம். ஒருதடவை ஒண்ணு வெடிச்சுடுச்சு. அதுலேர்ந்து நாங்க காபி குடிச்சிட்டு வந்துதான் எடுக்கிறது."

பேராசிரியை இடுக்கியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமாக அவருடைய கட்டுரைகளில் 'செல்கள் சேகரிக்கப்பட்டன' என்று ஒரே வரியில் வந்துகொண்டிருந்ததன் உள்ளே இந்தக் காபி ஒளிந்திருந்தது. கொதிசூட்டில் வாழும் உயிரை மேஜைமேல் வைத்தால் அதற்குக் குளிர் எடுக்கும். அவர் காபி குடித்து முடிக்கும் நேரம் போதும், குளிருக்கு ஏற்றாற்போல வளையத்தைத் தளர்த்திக்கொண்டுவிடும். ஐஸில் சட்டென்று அமுக்கினால் அதற்கு நேரம் கிடைக்காது, இருந்தபடியே நின்றுவிடும். அவர் பார்த்த எதிர்முறுக்கு அந்தக் குளிர்நடுக்கம்தான். உயிர் கொதிநீரில் எப்படி இருந்தது என்று அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கருத்தரங்கு மேடையாக இருந்தால் சொல்லியிருப்பாள், அதுவும் ரசித்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பாள். ஆனால் காபி குடித்து முடித்ததும் அவர் எழுந்துபோய்த் தன் கோப்பையோடு அவளுடையதையும் சேர்த்துக் கழுவி, கவிழ்த்துவைத்துவிட்டு, ஈரக் கையைப் பேண்டில் துடைத்தபடி வந்தார். அவளால் முடியவில்லை. பாவம், கல்யாணம் முடியட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டுக்கொடுத்ததில் அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அதே நாளில் அவருக்கும் ஒன்று நடந்திருந்தது. எந்த டிஜிட்டல் எண்ணையும் நம்பாத மனுஷன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்த தன் சொந்தப் பாதரசத் தெர்மாமீட்டரை, பேராசிரியை ஐஸ் எடுக்கப் போயிருந்த நேரத்தில், சும்மா ஒரு பழக்கத்தில் எண்ணெயில் விட்டுப் பார்த்தார். தொட்டியின் சிவப்பு எண்கள் காட்டியதைவிடச் சூடு நன்றாகவே ஏறியிருந்தது. குனிந்து பார்த்தார். சூட்டை அளக்கும் கம்பி, கலக்கும் விசிறி எட்டாத ஒரு மூலையில் பொருத்தப்பட்டிருந்தது. அங்கே எண்ணெய் மந்தமாக, ஆறிப்போய் நின்றது. ஆக, இந்தம்மாள் தன் உயிரை வருடக்கணக்கில் காய்ச்சலில் வைத்து வளர்த்திருக்கிறாள். சூடு அளவுக்கு மீறினால் அது வளையத்தை இறுக்கிக்கொள்ளும். உலகமே மெச்சிய நேர்முறுக்கு என்பது வெறும் காய்ச்சல். சொன்னால் இந்தம்மாள் உடைந்துபோவாள் என்று அவர் நினைத்தார். நல்ல நாற்காலியை வேறு கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் சீக்கிரமே வந்து, அவள் வருவதற்குள் தன் தெர்மாமீட்டரை விட்டு, சூடு சரியான அளவுக்கு இறங்கும்வரை தொட்டியின் திருகைத் திருப்பிவைத்தார். சிவப்பு எண் குறைந்தது வெளியே தெரியாதபடி அதன்மேல் ஒரு துணியைப் போட்டார். எண்ணெய் தெறிக்கிறது என்றார். புதிய பாட்டில்கள் இரண்டும் அந்தச் சூட்டில் வளர்ந்தன.

எடுக்கும் நேரத்தில் அவர் வழக்கப்படி பாட்டிலைத் துணிமேல் வைத்துவிட்டுக் காபிக்குப் போனார். எனக்கு வேண்டாம், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்ற பேராசிரியை, அவர் தலை மறைந்ததும் அந்தப் பாட்டிலைத் தூக்கித் தன் ஐஸ் வாளியில் அமுக்கினாள். நன்றாகச் சில்லிட்டதும் எடுத்து, துடைத்து, மறுபடி துணிமேலேயே வைத்தாள்.

திரும்பிவந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீக்கிரமே ஆறிடுச்சே," என்றார்.

"இங்க ஏசி கொஞ்சம் ஜாஸ்தி சம்பந்தி," என்றாள்.

ஜெல்லை ஓட்டி, மருந்தில் ஊறவைத்து, திருப்பி ஓட்டி, கடைசியாகப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவள் ஐஸ் வைத்துவிட்டதால் அவருடைய புள்ளிகளும் தன்னோடு வலப்பக்கம் வந்து சேர்ந்துவிடும், அவருக்கும் வலிக்காது என்று அவள் நம்பினாள். சூட்டைக் குறைத்துவிட்டதால் அவளுடைய புள்ளிகள் மெல்லத் தன் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர் நம்பினார்.

வலப்பக்கம் யாரும் இல்லை. இடப்பக்கமும் யாரும் இல்லை. இரண்டு பேருடைய புள்ளிகளும் வில்லின் உச்சியில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றன.

"ஜெல் சரியா உறையல போல," என்றார் அவர்.

"மருந்து பழசு," என்றாள் அவள்.

பிறகு சாமான்களைக் கழுவிவைத்தார்கள்.

அன்று மாலை பேராசிரியை கிளினிக்குக்குப் போய், ஆயுதங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருடைய எதிர்முறுக்கு போனதற்குக் காரணம் தெரிகிறது, தன் நேர்முறுக்கு எப்படிப் போனது? அதுவும் தன் கண் முன்னால், தன் தொட்டியில்? அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே தான் பார்த்ததெல்லாம் பொய்யா? அவர் ஏதாவது கைவைத்திருப்பாரோ என்று பல் டாக்டர் கேட்டார். அவள் அடித்துச் சொல்லிவிட்டாள், சே, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தான் மட்டும் எப்படிப்பட்ட ஆள் என்ற கேள்வி அவளுக்கு வரவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. டோக்கன் எண் சுவரில் மாறிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் ஒரு பக்கம் உட்கார, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய சம்பந்திகள் இரண்டு பேரும் பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் சரியாகத் தூங்காத முகம்.

"சம்பந்தியம்மா," என்று அவர்தான் உடம்போடு திரும்பினார். "ஒரு விஷயம். மனசுல வச்சுக்கிட்டு கையெழுத்துப் போட முடியல. உங்க தொட்டி காட்டினதைவிட ரொம்ப சூடா இருந்துச்சு. ரெண்டாவது நாள் நான் அதைக் குறைச்சு வச்சேன். உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு சொல்லல."

பேராசிரியைக்குக் காது மடல் சுட்டது. "நீங்க காபிக்குப் போனப்ப உங்க பாட்டிலை நான் ஐஸ்ல அமுக்கினேன். நீங்க ஆறவிடுறதுதான் தப்பு. நானும் உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னுதான் சொல்லல."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது.

"என் லேப்ல, என் தொட்டியில கை வச்சீங்களா?"

"என் பாட்டிலை நீங்க தொடலையா?"

"பாவமேன்னு நினைச்சேன்."

"பாவமா? யாரு, நானா?" அவர் எழுந்தே விட்டார். "என்னைப் பார்த்து ஒருத்தர் பாவப்படுற நிலைமையிலயா நான் இருக்கேன்? நான்தான் உங்களைப் பார்த்துப் பாவப்பட்டேன்."

தன்னைப் பொய்யன் என்றோ முட்டாள் என்றோ அவள் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார், பழக்கம்தான். பரிதாபத்தை இரண்டு பேராலும் பொறுக்க முடியவில்லை. அத்தனை நாள் கட்டிவைத்திருந்த மரியாதை மொத்தமும் ஒரே நிமிஷத்தில் அவிழ்ந்தது. அவள் அவருடைய காபியைப் பற்றிச் சொன்னாள். அவர் அவளுடைய கம்பியைப் பற்றிச் சொன்னார். பழைய கட்டுரைகள் தேதி வாரியாக வெளியே வந்தன. கூடத்தில் மாலையோடு காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பியூன் ஓடிவந்து, பணிவாகவே, "விவாகரத்துக் கோர்ட்டு இது இல்லைங்க. எதிர்க் கட்டடம்," என்றார்.

எதிர்க் கட்டடத்தைப் பார்க்க அவர் உடம்போடு திரும்பினார். அந்த இடைவெளியில்தான் பேராசிரியைக்குப் பிடிபட்டது. மெதுவாக உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் இருங்க. என் சூட்டை நீங்க சரி பண்ணிட்டீங்க. உங்க குளிரை நான் சரி பண்ணிட்டேன்."

அவரும் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"ஜெல் நல்லாத்தான் உறைஞ்சிருக்கு," என்றார்.

"மருந்தும் பழசில்ல."

"நீங்க அதுக்குக் காய்ச்சல் வரவச்சீங்க. நான் குளிர்ல நடுங்க வச்சேன். யாரும் தொந்தரவு பண்ணாதப்ப அது எந்தப் பக்கமும் முறுக்கிக்கிறதே இல்ல. பேசாம நிம்மதியா இருந்திருக்கு."

"நம்ம ஜெல் அறையோட சூட்டுல பார்க்கிறப்ப. கொதிசூட்டுல கணக்கு வேற," என்று அவள் திருத்தினாள்.

"ஆமா, அதையும் எழுதணும்," என்று அவர் ஒப்புக்கொண்டார்.

டோக்கன் எண் எப்போதோ வந்துபோயிருந்தது. வக்கீலம்மா உள்ளே போய் அதிகாரியிடம் ஏதோ சொல்லி மறுபடி கூப்பிட வைத்தார். கையெழுத்துப் போடும்போதும் இரண்டு பேரும் எந்தச் சூட்டில் எத்தனை பாட்டில் வைப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அதிகாரி வாழ்த்துச் சொன்னபோது பேராசிரியை, "ரொம்ப நன்றி, இன்னும் உறுதியாகல," என்று பதில் சொல்லிவிட்டாள்.

பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துபார்த்தார்கள். காய்ச்சலில் வளர்த்தது வலப்பக்கம் போனது. ஆறவிட்டது இடப்பக்கம் போனது. சௌக்கியமாக இருந்தது உச்சியில் நின்றது. வருடக்கணக்கான சண்டையில் இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை, இரண்டு தரப்புக்கும் உண்மை தெரியவும் இல்லை என்பதைக் கட்டுரையாக எழுத வேண்டும். யார் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் ஒரு மாசம் போனது.

எழுதும் வேலையைப் பிள்ளைகளின் புது வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்ததால் வசதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பின் ஒருவராக வந்து, சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் காலை பத்து மணிக்கு எழுந்திருக்கலாம் என்று கனவு கண்டிருந்த மருமகள், அப்பாவுக்குக் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே அத்தைக்குக் காபி போட்டாள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது லிப்ட் பழுதாகாதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கட்டுரை வெளியானது. உலகம் அதை ஒரு கொட்டாவியோடு வரவேற்றது. முகம் தெரியாத மதிப்பீட்டாளர் இரண்டே வரி எழுதியிருந்தார்: முடிவு எதிர்பார்த்ததுதான், பிரசுரிக்கலாம். பேராசிரியை அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு இடத்தில் ஒரு எண்ணை அவர்களே மாற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். இந்த ஆள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு காலத்தில் அவள் எழுதியதைக் கடைசி அடிக்குறிப்பு வரை, சாகப்போகிறவனின் உயிலை வாரிசு படிப்பதுபோல வரிவரியாகப் படிக்க ஒருவர் இருந்தார். இப்போது அந்த ஆளின் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. இனி 'அஞ்சுகிறேன்' என்று அவர் எழுதமாட்டார்.

"சப்புன்னு இருக்குல்ல?" என்று அவர் போனில் கேட்டார். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்ததால் வேறு பேச்சுக்கு மாறினாள்.

அடுத்த மழைக்காலத்தில், வேறொரு வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த மாதிரியில், முன்னதைவிடச் சின்னதாக இன்னொரு வளையம் கிடைத்தது. பாட்டிலை ஐஸில்தான் எடுத்தார்கள். சூட்டைப் பாதரசத்தில்தான் பார்த்தார்கள். அவளுக்கு அது லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. தன் ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்த்த அவருக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. முதலில் போனில் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் காரமாகப் பேசினார்கள். பிறகு, 'சம்பந்தியம்மா இவ்விடத்தில் சற்றே அவசரப்பட்டுவிட்டாரோ என்று அஞ்சுகிறேன்' என்று அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு பேச்சு நின்றது.

வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை காலியாக இருந்தது. பிள்ளைகள் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெயில் ஏறும்வரை தூங்கினார்கள். அவர்கள் எழுந்து பல்கூடத் தேய்ப்பதற்கு முன்னால் மருமகளின் போன் அடித்தது. பேராசிரியை. குரலில் வயது குறைந்திருந்தது.

"ஏம்மா, தூங்கிட்டிருந்தியா? ஒண்ணுமில்ல. உங்கப்பா இப்ப தொட்டியை எந்தச் சூட்டுல வச்சிருக்கார்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் அத்தை," என்றாள் மருமகள். அத்தையிடம் கேட்கச் சொல்லி அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்த இதே கேள்வியை இப்போதே கேட்பதா, காபி குடித்துவிட்டுக் கேட்பதா என்று யோசித்துவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.